பேத்திக்குக் கறந்த பால்

பழைய பேட்டரி உருக்கும் ஆலையின் கழிவுத் தண்ணீர் பாயும் ஓடைக்கரையில்தான் தெய்வசிகாமணியின் மாடுகள் மேய்ந்தன. அந்தப் பாலைத்தான் ஊரே வாங்கியது. அவரிடம் பால் கறக்கும் மாராத்தாவின் மகன் வாடிப் படுத்தான். ரத்தத்தில் ஈயம் என்றார் டாக்டர்.

"பாலுலதான் ஈயம்" என்று அவள் ஊர்க்கூட்டத்தில் சொல்ல, முதலாளி தெய்வசிகாமணி சீறினார்.

"எங்கே, அந்த ஈயத்தை எடுத்துக் கையில காட்டு! இல்லேன்னா ஊரைக் காலி பண்ணு!"

"நான் எப்படிங்க காட்ட முடியும்?" என்றாள் மாராத்தா. "உங்க வீட்டு மாட்டை மட்டும் கிணத்து மேட்டுல தனியாக் கட்டி வெச்சிருக்கீங்க. நாளையிலிருந்து அதையும் ஓடைப் புல்லுல மேய விடட்டுங்களா?"

"அடி கூறுகெட்டவளே, அது என் பேத்தி குடிக்கிற பாலு!"



மறுநாள் பால் வண்டி தெருத்தெருவாய் மணியடித்துக்கொண்டு போனது. ஒரு வீட்டிலிருந்தும் செம்பு வெளியே வரவில்லை.