கொக்கு பச்சையை இழந்த கதை

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், கொக்கு இளநாற்றைப் போலப் பச்சையாக இருந்தது.

மலையடியில் ஓர் ஊர். மழை பொய்த்து, கண்மாய் வெடித்துக் கிடந்தது. மேகங்கள் வந்தன; வந்த வேகத்தில் தாண்டிப் போயின. "கீழே எல்லாம் ஒரே கட்டாந்தரை. எது உங்க ஊருன்னே தெரியலை" என்றது ஒரு மேகம்.

அந்த ஊரில் ஒச்சாயி என்று ஒருத்தி. அவள் சுவரில் புல் வரைந்தால் கன்றுக்குட்டி வந்து நக்கிப் பார்க்கும். ஊர் செழித்திருந்த கோலத்தை மேகத்துக்குக் காட்டிவிடுவதென்று அவள் மலைப்பாறையில் ஏறினாள். வரப்புக்குச் செம்மண் இருந்தது; எருமைக்குக் கரி இருந்தது. வயலுக்குத்தான் பச்சை இல்லை. ஊரில் ஓர் இலைகூட மிச்சமில்லை.

அப்போது கொக்கு பக்கத்தில் வந்து இறங்கியது.

"என் நிறத்தை எடுத்துக்கோ, ஒச்சாயி. கழுத்தை மட்டும் விட்டுடு. அங்கே பச்சை இருந்தா மத்த இறகுக்கும் திரும்ப ஊறிடும்."

"கழுத்தைத் தொட மாட்டேன்" என்றாள் ஒச்சாயி.

ஈர விரலால் தொட்டுத் தொட்டு வரைந்தாள். வயல் வயலாகப் பச்சை ஏறியது. கொக்கு களைத்துக் கண்ணயர்ந்தது. கடைசியில் பாறைச் சித்திரத்தில் ஒரு துண்டு நிலம் மட்டும் காய்ந்து நின்றது. அது அவளுடைய நிலம். மேற்கே மேகம் திரண்டுவிட்டது. எல்லார் வயலிலும் பெய்து, தன் வயலை மட்டும் விட்டுவிட்டால்? பசித்துக் கிடக்கும் பிள்ளைகளை நினைத்தாள். கொக்கின் கழுத்தில் மட்டுமே பச்சை மிச்சமிருந்தது; விரல் அங்கே போனது.

மழை கொட்டியது. பாறைச் சித்திரம் கரைந்து வயல்களுக்குள் ஓடியது. கொக்கு விழித்துத் தன்னைப் பார்த்துக்கொண்டது.

"கழுத்தையுமா எடுத்தே?"

"என் வயல் ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு..."

"மேகம் யார் வரப்புன்னு பார்த்தா பெய்யும், ஒச்சாயி?"

அவள் சகதியில் இறங்கி, ஓடுகிற பச்சைத் தண்ணீரை இரு கையாலும் அள்ளி அள்ளிக் கொக்கின் மேல் ஊற்றினாள். எதுவும் ஒட்டவில்லை. அதற்குப் பிறகு கொக்கு யாரிடமும் ஒரு சொல் பேசவில்லை.

ஊர் அவளைக் கொண்டாடியது. அவளோ மறுபடி ஒரு கோடுகூட இழுக்கவில்லை. கொக்கு வந்து நாற்றை மிதித்தாலும் விரட்ட விடமாட்டாள். "நிக்கட்டும், அதோட பச்சைதானே" என்பாள்.

அன்று முதல்தான் கொக்கு வெள்ளையாக, கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, பச்சை வயலைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறது. நடவுப் பெண்கள் அதை விரட்டாமல் சற்றே விலகிப் போவதும் அன்று முதல்தான்.