மருந்து விடாத கிண்ணம்

கோமதிநாயகத்துக்கு வயிறு எரிந்தது. திருநெல்வேலியில் அந்த எலும்பு ஆய்வகத்தில் அவனும் ஜெசிந்தாவும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். அவள் தொட்டது துலங்கியது. அவன் தொட்டது பூசணம் பிடித்தது. என்ன செய்ய, சிலருக்கு அப்படி.

ஹெப்பாரின் என்பது இரத்தம் உறையாமல் காக்கிற மருந்து. அதை நெடுநாள் போட்டுக்கொள்பவர்களுக்கு எலும்பு ஏன் மெலிகிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. எலும்பைத் தின்கிற செல்களை எலும்புச் சீவல் மேல் வளர்ப்பார்கள். ஒரு கிண்ணத்தில் மருந்து விடுவார்கள், இன்னொன்றில் விடமாட்டார்கள். மருந்து விட்டதில்தான் செல்கள் அதிகம் குழி பறிக்கின்றன என்று ஜெசிந்தா காட்டிவிட்டாள். மாநாட்டில் பேச அவளை அழைத்திருந்தார்கள். அவனை யாரும் அழைக்கவில்லை.

ஒரு மத்தியானம் வழிகாட்டி சுலைகா மேடத்தின் அறைக்குள் வந்தான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“மேடம், ஜெசிந்தா சொன்னது பொய். நானும் செஞ்சு பார்த்துட்டேன். ரெண்டு கிண்ணத்துக்கும் வித்தியாசமே இல்ல. இன்னிக்கே டைரக்டர்கிட்ட சொல்லப் போறேன். அவ பயணம் நிக்கணும்.”

“ரெண்டுலயும் குழி இல்லியா?”

“ரெண்டுலயும் நிறைய இருக்கு.”

“மருந்து விடாததுலயுமா?”

“ஆமா.”

மேடம் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“செல்லுக்கு என்ன சாப்பாடு ஊத்தின?”

சாப்பாடு என்றால் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர். அங்கே அது பொது. ஒருவர் பிரித்துக் குளிர்பெட்டியில் வைப்பார், எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

“பொது பாட்டில்ல இருந்துதானே?” என்று மேடமே கேட்டார்.

“அதுல அவ பேருல்லா இருக்கு. அவ பிரிச்சு வச்சத நான் ஏன் தொடணும்? என் ரத்தத்துல நானே பிரிச்சேன்.”

“அந்த ரத்தம் இருக்கா?”

அடுத்த சுற்றுக்காகக் காலையில் எடுத்தது இருந்தது. பச்சை மூடிக் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தான். மேடம் அதைச் சாய்த்தார். நிமிர்த்தினார். மறுபடி சாய்த்தார்.

“காலைல எடுத்தது. இன்னும் தண்ணியா ஓடுதே, ஏன்?”

“உறைஞ்சிரக் கூடாதுல்லா மேடம். பச்சை மூடிக் குழாய்ல உள்பக்கம் ஹெப்பாரின் தடவித்தான…”

மருந்து விடாத கிண்ணத்துக்கும் அவன் அப்படிப்பட்ட குழாயில் பிரித்ததைத்தான் ஊற்றியிருந்தான்.

குழாயைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

“அவளுக்கு மட்டும் எப்பவும் சரியா வருது மேடம். பார்க்கப் பார்க்கப் பொறுக்கல. இப்ப நான் என்ன செய்ய?”

“சட்டைக் கையை மடிச்சு விடு. மருந்து தடவாத குழாய்ல புதுசா ரத்தம் எடுப்போம்.”

“நானே எடுத்துக்கிடுதேன் மேடம்.”

“வேண்டாம், ஜெசிந்தாவைக் கூப்பிடு. அவ ஊசி போட்டா வலிக்கவே வலிக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”