நொண்டாத குதிரை

"குதிரையை நானே கெடுத்துட்டேன், அம்மா" என்றார் செங்கோடன்.

படையில் தலை நரைத்தபின் குதிரை வைத்தியம் கற்க வந்தவர் அவர். அரண்மனை லாயத்தின் வைத்தியச்சி தில்லைநாயகிதான் குரு. அவரைவிட இளையவள்.

"என்ன ஆச்சு?"

"இந்தச் செம்பழுப்புக் குதிரை வந்தப்போ நொண்டல. அடி மட்டும் குறுகியிருந்துச்சு, ஓட மறுத்துச்சு. இடது முன்னங்குளம்பைச் சீவிப் பார்த்தேன். உள்ளே சீழ். வடிச்சுக் கட்டுப் போட்டேன். இன்னிக்குப் பார்த்தா நொண்டுது."

"எந்தக் கால்ல?"

"அதுதான் புரியல. இடது காலை ஊன்றும்போது தலை கீழே போகுது. அப்ப இடதுதானே? ஆனா அது நேத்தே ஆறிடுச்சே."

வாசலில் லாயத் தலைவரின் சேவகன் கயிற்றோடு வந்து நின்றான். நொண்டும் குதிரையை அங்கே உயிரோடு விட்டுவைப்பதில்லை.

தில்லைநாயகி தரையிலிருந்து ஒரு கூர்ங்கல்லை எடுத்தாள்.

"வலது செருப்பைக் கழற்றுங்க."

கல்லை அதில் போட்டாள்.

"இப்ப நடங்க."

செங்கோடன் நொண்டினார்.

"உங்க தலை எப்பக் குனியுது?"

அவர் மறுபடி நடந்து பார்த்தார்.

"இடது காலை வைக்கும்போது. ஆனா கல் வலதுல இருக்கே."

அவள் இன்னொரு கல்லை எடுத்து இடது செருப்பிலும் போட்டாள்.

அவர் மெல்ல நடந்தார். சின்னச் சின்ன அடி. தலை ஆடவில்லை.

"நொண்டுறீங்களா?"

"இல்லை. ஆனா ஒவ்வொரு அடிக்கும் உயிர் போகுது."

அவள் குனிந்து இடது செருப்பிலிருந்த கல்லை மட்டும் எடுத்துவிட்டாள்.

ஓரடி வைத்தார் செங்கோடன். வலது கால் நொண்டியது. அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு செருப்புகளை உதறிவிட்டுக் குதிரையருகே போய், அதன் வலது முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கத்தியால் குளம்பைச் சீவினார். கறுப்பாகச் சீழ் வழிந்தது. குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டது.

"குதிரை நொண்டுதாமே?" என்றான் சேவகன்.

"ஆமா தம்பி" என்றார் செங்கோடன், நிமிராமலே. "நொண்டுறதுக்கும் ஒரு நல்ல கால் வேணுமில்லே. அதுக்கு நேத்துத்தான் கிடைச்சுது."