நடுங்க மறுத்த கருங்குரங்கு

“என் பல்லு தந்தியடிக்கிற சத்தம் எதிர்ச்சரிவு வரைக்கும் கேட்குது, என் மானம் போகுது!”

இதே வாக்கியம். விடிந்ததிலிருந்து ஏழாவது தடவை. ஒரு சொல்கூட மாறவில்லை. போன வாரம்தான் கருங்குரங்குக் கூட்டத்துக்குத் தலைவனான கொம்பேறி, நாவல் மரத்தின் உச்சிக்கிளையில் தனியாக உட்கார்ந்து புலம்பினான்.

கீழே மலைச்சரிவின் புல்வெளி முழுக்க உறைபனி, உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. மற்ற குரங்குகள் நடுக்கிளையில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஒரே உருண்டையாக இருந்தன. பனிக்காலத்தில் அதுதான் வழக்கம். ஓரத்தில் இருப்பவர் உள்ளே வருவார். உள்ளே இருப்பவர் ஓரத்துக்குப் போவார்.

“இறங்கி வாங்களேன்! நாங்க எல்லாரும் நடுங்கிக்கிட்டுதான் இருக்கோம்!” என்றாள் அவன் மனைவி பூவிழி. அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

“தலைவன் நடுங்கக் கூடாதுடி! எதிர்ச்சரிவுக் கூட்டத்துத் தலைவன் பார்த்தா நாளைக்கே சண்டைக்கு வருவான்!”

“ராத்திரி விரல் விறைக்குதுன்னீங்களே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“நெஞ்சைக் காப்பாத்தணும்னு உடம்பு விரலுக்குச் சூடு கொடுக்கிறதைக் குறைச்சிடுச்சு! அதுக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இல்லையே! நடுங்கினாத்தான் சூடு பிறக்கும்!”

கொம்பேறி பல்லைக் கடித்துக்கொண்டான். உடம்பை இறுக்கினான். வெகுநேரம் கழித்து அவன் குரல் குழறிக்கொண்டு வந்தது.

“பார்த்தியா! நடுக்கம் நின்னுபோச்சு! வெயில் காயிற மாதிரி இதமா இருக்கு... தூக்கம் வருது...”

பூவிழி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

“நின்னுபோச்சா? அட, மடச்சாம்பிராணி! நீங்க ஜெயிக்கலை, உடம்பு தோத்துப்போச்சு!”

பாய்ந்து ஏறினாள். அதற்குள் அவன் பிடி நழுவியது. வாலை எட்டிப் பிடித்தாள்.

“வேடிக்கை பார்க்காதீங்க! தூக்குங்க!”

கூட்டமே அவனை இழுத்து, நடுவில் திணித்து, மேலே கவிந்துகொண்டது. வெயில் ஏறும்வரை அவனிடம் ஒரு அசைவும் இல்லை. பிறகு கடகடவென்று ஒரு சத்தம். கொம்பேறியின் பற்கள்!

“அப்படித்தான்! நடுங்குங்க! இன்னும் நல்லா நடுங்குங்க!” பூவிழிக்குக் கண் நிறைந்துவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை. “அந்த எதிர்ச்சரிவைக் கொஞ்சம் பாருங்க!”

அங்கேயும் ஒரு கறுப்பு உருண்டை. அதன் நடுவில் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தான் அந்தக் கூட்டத்துத் தலைவன்.

கொம்பேறி தலையை உள்ளுக்கு இழுத்துக்கொண்டான்.

“நான் விழுந்ததை மட்டும் யாரும் வெளியே சொல்லிடாதீங்க!”



உடம்பு உதவி கேட்கிறபோது கௌரவம் பார்க்கிறவனுக்கு உடம்பும் மிஞ்சாது, கௌரவமும் மிஞ்சாது.