அனுபவம் இல்லாத தூதன்

சிங்கமங்கலத்து மகாராஜா கனகவர்மருக்கு அவசரமாக ஒரு தூதன் தேவைப்பட்டான். பக்கத்து மலைநாட்டு அரசன் முன்கோபக்காரன். "சுகமா?" என்று கேட்டாலே வாளை உருவுகிற பேர்வழி. அவனிடம் போய்ப் பேசிவிட்டுத் தலையோடு திரும்பிவர ஓர் ஆள் வேண்டும்.

அந்த வேலை தன் மனைவியின் தம்பி வைரவனுக்குத்தான் என்று அமைச்சர் தாண்டவராயர் எப்போதோ மனசுக்குள் முடிவுகட்டிவிட்டார். அதனால் தண்டோரா போடும்போதே ஒரு கொக்கியும் வைத்தார். "பதவி கேட்டு வருகிறவர்கள் தங்கள் அனுபவத்தை ஓலையில் எழுதிக் கொண்டுவர வேண்டும். அதில் ஒரு சொல் பொய்யானாலும் மொட்டையடித்துக் கழுதை மேல் ஊர்வலம்!"

அனுபவம் இல்லாதவன் உண்மையை எழுதினால் வேலை போச்சு. பொய் எழுதினால் முடி போச்சு.

சொக்கப்பன் அப்போதுதான் பாடசாலைப் படிப்பை முடித்திருந்தான். வேலை கிடைக்காவிட்டால் தாய்மாமனின் எண்ணெய்ச் செக்கில் மாட்டோடு மாடாகச் சுற்ற வேண்டியதுதான். எழுத்தாணியை எடுத்தான். பெயரை எழுதினான். ஊரை எழுதினான். அப்புறம் எழுத்தாணி நகரவே இல்லை.

கூடப் படித்த மாடசாமி எட்டிப் பார்த்துச் சிரித்தான். "நாமென்ன சாம்ராஜ்யமா ஆண்டோம்? சாப்பிட்டோம், தூங்கினோம், குருநாதரிடம் குட்டு வாங்கினோம். இதையா எழுதப்போகிறாய்?"

"குருநாதரும் குருபத்தினியும் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார்களே, அப்போதெல்லாம் நடுவில் ஓடியது யார்?"

"நீதான். அதெல்லாம் ஓர் அனுபவமா?"

"நீ ஒரு நாள் ஓடினாயே, என்ன ஆச்சு?"

மாடசாமி தன்னையறியாமல் நெற்றியைத் தடவிக்கொண்டான். அகப்பை பட்ட தழும்பு இன்னும் இருந்தது. சொக்கப்பன் விறுவிறுவென்று எழுதத் தொடங்கினான்.

மறுநாள் சபையில் வைரவனின் ஓலையை அமைச்சரே ராகம் போட்டு வாசித்தார். அமைச்சரோடு அவன் போகாத நாடில்லை, உண்ணாத அரண்மனை விருந்தில்லை. எல்லாம் உண்மைதான். அடுத்து சொக்கப்பனின் ஓலையை எடுத்தார். மூன்றே வரி. அமைச்சருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"கேளுங்கள் பிரபு! 'நான் இதுவரை எந்த அரண்மனையிலும் வேலை பார்த்ததில்லை. என் குருநாதரும் குருபத்தினியும் பேசாமல் இருந்தபோதெல்லாம் நான்தான் தூது போனேன். இருவரும் இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.' இதுவாம் அனுபவம்!"

சபை கொல்லென்று சிரித்தது. சொக்கப்பனுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் மகாராஜா மட்டும் சிரிக்கவில்லை. சிம்மாசனத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

காரணம் இருந்தது. நாலைந்து நாளாக மகாராணி அவரோடு பேசவில்லை. தன் பிறந்த ஊரான பவழக்குறிச்சி மாம்பழம்தான் உலகத்திலேயே இனிப்பு என்று அவள் ஒரு விருந்தில் சொல்லப்போக, "அதுவா? புளியங்காய்க்கு அண்ணன்!" என்று இவர் எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்திருந்தார்.

"பரீட்சை வைத்துவிடுவோம்" என்றார் மகாராஜா. "மகாராணியைச் சபைக்கு அழைத்துவருகிறவனுக்கு வேலை. ஆனால் ஒன்று. நான் மன்னிப்புக் கேட்டதாக யாரும் சொல்லக் கூடாது. நான் கேட்கவும் மாட்டேன்!"

முதலில் வைரவன் போனான். போன வேகத்தில் திரும்பினான். பட்டுத் தலைப்பாகையிலிருந்து மாம்பழச் சாறு மூக்கு வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்னப்பா சொன்னாய்?" என்று பதறினார் அமைச்சர்.

"மகாராஜா உத்தரவு, உடனே புறப்படுங்கள் என்றேன், அத்தான்."

அடுத்து சொக்கப்பன் போனான். சற்று நேரத்தில் கொலுசுச் சத்தம் கேட்டது. சபை வாயிலில் மகாராணி! முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. நேரே வந்து மகாராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மகாராஜாவுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை.

"மன்னிப்பு என்று எதையாவது சொன்னாயா?"

"அந்தச் சொல்லையே வாயில் எடுக்கவில்லை, பிரபு. 'பவழக்குறிச்சி மாம்பழம்தான் இனிப்பு என்று மகாராஜா சொல்கிறார்' என்றேன்."

"நான் எப்போது சொன்னேன்?" என்று மகாராஜா வாய்விட்டுவிட்டார்.

தாண்டவராயர் துள்ளி எழுந்தார். "பொய்! பச்சைப் பொய்! கூப்பிடுங்கள் நாவிதனை! பிடித்து வாருங்கள் கழுதையை!"

சொக்கப்பன் பயப்படவில்லை. பணிவாகக் கைகூப்பினான். "பிரபு, நான் சொன்னது பொய்யா, மெய்யா? பக்கத்தில் மகாராணி இருக்கிறார்கள். தாங்களே சொல்லிவிடுங்கள். எந்த ஊர் மாம்பழம் இனிப்பு?"

மகாராணி மெல்லத் தலையைத் திருப்பி மகாராஜாவைப் பார்த்தாள். மகாராஜா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பவழக்குறிச்சிதான். அதிலென்ன சந்தேகம்?"

"பார்த்தீர்களா, அமைச்சரே! நான் பொய் சொல்லவில்லை. மகாராஜா சொல்லப்போவதைக் கொஞ்சம் முன்கூட்டியே சொன்னேன். அவ்வளவுதான்."

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நெற்றிக்கு இறங்கிவிட்டது. மகாராணிதான் அதை நிமிர்த்தி வைத்தாள். அந்த இடத்திலேயே சொக்கப்பனுக்குத் தூதுப் பதவியும், மலைநாட்டுக்குப் போய்வர ஒரு வெள்ளைக் குதிரையும் கிடைத்தன.

சபை கலைந்தது. சொக்கப்பன் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ அவன் தோளைத் தொட்டார்கள். திரும்பினால், அமைச்சர்! முகத்தில் ஈயாடவில்லை.

"தம்பி... வைரவனுக்கு வேலை கிடைக்காத சேதி வீட்டுக்குப் போய்விட்டது. அவனுடைய அக்கா வாசலிலேயே உலக்கையோடு நிற்கிறாளாம். நீ எனக்கு முன்னால் போய் ஒரு வார்த்தை..."

சொக்கப்பன் பெரிய கும்பிடாகப் போட்டான்.

"மன்னிக்க வேண்டும், ஐயா. அந்த அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது!"