குளிரில் கனத்த குறட்டை

இருட்டியதும் ஜெசிந்தாவின் வீட்டிலிருந்து ஆண் குறட்டை கேட்டது.

"புருஷன் செத்து ஆண்டுப் பூசைகூட ஆகலை. உள்ளே யாருடி தூங்கறது? முதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்து" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஜெசிந்தா போனை எடுத்தாள். "டீச்சர், இந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்றாங்க. எப்படிக் காப்பாத்தறது?"

மெர்லின் வந்தாள். கான்வென்டில் ஜெசிந்தாவுக்கு ஒரு வகுப்பு இளையவள். வயர்களை மாற்றிச் செருகி ஒலிகளை உண்டாக்கும் சிந்தசைசரில் அவளுக்குக் குரு.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினாள்.

மேசைமேல் சின்னச் சின்னப் பெட்டிகள், அவற்றைப் பின்னிக் கிடந்த வயர்கள். குறட்டை அங்கிருந்துதான் வந்தது. கீழே பாயில் குழந்தை.

"அச்சு அசல் ஜெரோம் அண்ணன் குறட்டையாவே செஞ்சிருக்கீங்க. பதிவு பண்ணிட்டீங்களா?"

"இல்லை."

"பதிவு பண்ணுங்க, வயரைப் பிடுங்குங்க, புதுசாத் தொடங்குங்க. முதல் நாளே சொன்னேனேக்கா."

"பிடுங்கினா இது திரும்ப வருமா?"

"வராது."

"பதிவுல எத்தனை தடவை கேட்டாலும் ஒரே மாதிரிதானே இருக்கும்? இது அப்படியில்லை டீச்சர். ராத்திரி கதவு தானாத் திறக்கும். கொஞ்ச நேரத்துல குறட்டை கனக்கும். அவர் அசந்து தூங்கினா அப்படித்தான். வந்துட்டுப் போறார்."

"கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையா?"

"இருக்கு. ஷிப்ட் முடிஞ்சு வந்து அவர்தான் போடுவார்."

"பயமா இல்லையா?"

"பயத்துல கண்ணே மூடறதில்லை."

மெர்லின் போய்க் கதவை விரியத் திறந்தாள். மலைக்காற்று உள்ளே புகுந்தது.

குறட்டை கனத்தது.

சாத்திவிட்டு, கதவில் சாய்ந்து நின்றாள். அறையில் குளிர் விட்டது. குறட்டை மெல்ல லேசானது.

மறுபடி திறந்தாள். கனத்தது.

"குளிரா?" என்றாள் ஜெசிந்தா. "குளிர்தானா டீச்சர்?"

"குளிர்ல இந்தப் பெட்டிங்க சுருதி இறங்கும்க்கா," என்றாள் மெர்லின். ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக் குழந்தையின் பாதத்தில் வைத்தாள்.

ஜில்லென்றிருந்தது.

ஜெசிந்தா வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை. பிறகு பதிவுப் பொத்தானை அழுத்தினாள். குறட்டை ஓடியது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போதுமாக்கா?"

"போதாது," என்றாள் ஜெசிந்தா.

வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கடைசி வயரில் மூச்சு நின்றது.

மெர்லின் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். பாதி வழியில் நின்றாள்.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.