நேர்க்குழாய்

"பதினோரு பொம்பளைங்க, பாய். ஒம்பது வருசமா என் வண்டிதான். இப்ப ஒருத்தியும் ஏற மாட்டேங்குறா. நான் என்ன கொலையா செஞ்சேன்?"

பட்டறை வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டுத் தவசி கத்தினான்.

கம்பத்திலிருந்து மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் டீசல் ஜீப் அது. தவசிக்கு ஐம்பத்து மூன்று வயது. மெக்கானிக் அபுதாகிருக்கு முப்பத்து நான்கு. ஆனாலும் வண்டி விஷயத்தில் அவர்தான் இவனுக்குக் குரு. அவர் கழற்று என்றால் கழற்றுவான், மாட்டு என்றால் மாட்டுவான்.

இந்த ஒன்றை மட்டும் கேட்காமல் செய்துவிட்டான். செல்போனில் வீடியோ பார்த்து, சைலன்சரை அறுத்துப் போட்டுவிட்டு, ஒரு நேர்க்குழாயைத் தானே வெல்டிங் வைத்திருந்தான். பாறையில் இடிக்கிறதென்று அதையும் பின்படிக்குக் கீழேயே வெட்டி நிறுத்தியிருந்தான்.

"இழுவை எப்படி?" என்றார் அபுதாகிர்.

"அதைக் கேளுங்க! கொண்டை ஊசி வளைவு மூணாவது கியர்லயே ஏறுது."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"புகையாம். தலைசுத்தாம். வாந்தி வருது, நிறுத்துன்னு சொன்னா நான் நிறுத்தலையாம். எவ சொன்னா? ஸ்டியரிங்ல நான்தான உக்காந்திருக்கேன்? என் காதுல விழ வேணாமா? பச்சைப் பொய், பாய்!"

"ம்."

"என்ன 'ம்'? திங்கக்கிழமையும் அவளுக ஏறலைன்னா கங்காணி வேற வண்டிக்குச் சொல்லிருவாரு. எனக்கு இந்த நடை ஒண்ணுதான் இருக்கு. ஏதாவது வழி சொல்லுங்க."

"வீடியோ போட்டவன்கிட்டக் கேக்க வேண்டியதுதான?"



அபுதாகிர் குனிந்து குழாயைப் பார்க்கவில்லை. கையைக் கழிவுத்துணியில் துடைத்தார்.

"சாவியக் குடுங்க."

தவசி முன்பக்கம் ஏறப் போனான்.

"அங்க இல்லண்ணே. பின்னாடி."

"என் வண்டியில நான் எதுக்குப் பின்னாடி?"

"ஏறுறீங்களா, நான் டீ குடிக்கப் போகட்டுமா?"

முனகிக்கொண்டே ஏறினான். ஒன்பது வருடத்தில் பின்பெஞ்சில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மலை தொடங்கியது.

இரண்டாவது வளைவில் தார்ப்பாய் இடுக்கு வழியாகப் புகை உள்ளே சுருண்டு வந்தது. நான்காவது வளைவில் கண் எரிந்தது. ஆறாவது வளைவில் காலையில் தின்ற இட்லி தொண்டைக்கு வந்தது.

"பாய், நிறுத்துங்க!"

குழாயின் உறுமலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. வண்டி போய்க்கொண்டிருந்தது.

"யோவ் பாய்!"

மூட்டை சரியாமலிருக்க முன்சீட்டுக்குப் பின்னால் அவனே அடித்த தகரத் தடுப்பு. அதற்கு மேலே அபுதாகிரின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. அது திரும்பவில்லை.

தவசி தகரத்தில் கையால் தட்டினான். குத்தினான். விரல் முட்டி தோலுரிந்தது.

"செவிட்டுப் பயலே!"

பெஞ்சுக்கு அடியில் ஜாக்கிக் கம்பி கிடந்தது. எடுத்தான். ஓங்கியபடி, எங்கே அடிப்பதென்று பார்த்தான்.

அங்கே பெயிண்ட் ஏற்கெனவே உதிர்ந்திருந்தது.

பிறை பிறையாகப் பள்ளங்கள். அந்தப் பெண்கள் சோறு கொண்டுவரும் தூக்குவாளியின் அடிவிளிம்பு அகலத்துக்கு. பத்து, இருபது, அதற்கு மேல். ஒரு இடத்தில் தகரம் கிழிந்தே இருந்தது. எதிலும் இன்னும் துரு ஏறவில்லை.

கம்பியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

உச்சியில் வண்டி நின்றது. அபுதாகிர் இறங்கிப் பின்னால் வந்து, தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார்.

"என்னண்ணே, வழியில ஏதாச்சும் கூப்பிட்டீங்களா?"